முதல் மெக்கானிக்கல் கீபோர்டு: சுவிட்சை விரலால் தேர்ந்தெடுக்கும் முறை

சாதாரண கீபோர்டில் எழுத்துகளுக்கெல்லாம் அடியில் ஒரே ரப்பர் விரிப்புதான் இருக்கும். மெக்கானிக்கல் கீபோர்டிலோ ஒவ்வொரு எழுத்துக்கும் தனி சுவிட்ச் உண்டு. அந்தச் சிறு பெட்டிக்குள் ஏறி இறங்கும் தண்டும், அதைத் தாங்கும் ஸ்பிரிங்கும், தொட்டால் மின்சாரம் பாயும் உலோகத் தகடும் இருக்கின்றன. தட்டும்போது விரல் உணர்வது பெரும்பாலும் இம்மூன்றையும்தான் என்பதால், கீபோர்டின் நிறத்தையும் விளக்கையும் பார்ப்பதற்கு முன் சுவிட்சை முடிவு செய்யுங்கள்.

முதலில் மூன்று வகைகளை அறிந்துகொள்ளுங்கள். லீனியர் தடங்கலின்றி நேராக இறங்கும். டாக்டைலில் பாதி வழியில் ஒரு சிறு மேடு தட்டுப்படும். கிளிக்கியில் அந்த மேட்டோடு 'டிக்' என்ற ஒலியும் எழும். அது அடுத்தவருக்கும் கேட்கும் என்பதால், அறையைப் பிறருடன் பகிர்ந்துகொள்வோருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் வரிசையில் சிவப்பு லீனியர், பழுப்பு டாக்டைல், நீலம் கிளிக்கி. பிற நிறுவனங்கள் நிறங்களைத் தம் விருப்பப்படியும் வைப்பதால், நிறத்தை மட்டும் நம்பாமல் விவரக்குறிப்பைப் படியுங்கள்.

அடுத்தது எடை. எம்எக்ஸ் சிவப்பு மொத்தம் 4 மி.மீ. இறங்கும், 2 மி.மீ. இறங்கியதும், ஏறத்தாழ 45 கிராம் விசையிலேயே எழுத்து பதிவாகிவிடும். எம்எக்ஸ் கறுப்பும் லீனியர்தான், ஆனால் அதற்கு ஏறத்தாழ 60 கிராம் தேவை. இந்த 15 கிராம் வித்தியாசம் எண்ணாகப் பார்க்கையில் அற்பமாகத் தோன்றும். மாதிரிப் பலகையில் ஆள்காட்டி விரலால் அழுத்திப் பார்த்து, கனமான சுவிட்சுதான் பிடித்திருக்கிறது என்று வாங்கிவிட்டேன். ஒரு மாலைப்பொழுது தொடர்ந்து தட்டச்சு செய்ததும் சுண்டுவிரல் வலிக்கத் தொடங்கியது. ஆகவே எந்தச் சுவிட்சையும் சுண்டுவிரலால் சோதியுங்கள், ஏனெனில் கையிலேயே வலிமை குறைந்த அந்த விரல்தான் ஷிப்ட், என்டர் போன்றவற்றை ஓயாமல் அழுத்துகிறது.

மூன்றாவதாக, ஹாட்-ஸ்வாப் வசதியுள்ள கீபோர்டையே வாங்குங்கள். சால்டரிங் செய்யாமல் சுவிட்சைக் கழற்றி மாட்டலாம் என்பதால், தேர்வு தவறினாலும் கீபோர்டு வீணாகாது. எம்எக்ஸ் வகை என்று குறிப்பிட்டிருந்தால் கேட்டரான், கைல் போன்ற நிறுவனங்களின் வழக்கமான உயரமுள்ள சுவிட்சுகளும் பொருந்தும். சுவிட்சின் அடியில் இரண்டு உலோகக் கால்களும் நடுவில் ஒரு தடித்த பிளாஸ்டிக் காலும் இருந்தால் அது மூன்று கால் சுவிட்ச். அதற்கான மின்சுற்றுப் பலகையில் ஐந்து கால் சுவிட்சைப் பொருத்த வேண்டுமானால், கூடுதலாக உள்ள இரண்டு பிளாஸ்டிக் கால்களையும் நறுக்கிவிட வேண்டும். இரண்டு மூன்று வகைகளில் சில சுவிட்சுகளை வாங்கி, நடு வரிசையில் விரலுக்கொரு வகையாகக் கலக்காமல் ஒரே வகையாக மாட்டி, ஒவ்வொரு வகையையும் ஒரு வாரமாவது பயன்படுத்திய பிறகு முழுத் தொகுப்பை வாங்குங்கள்.

மாட்டும் வேலையில் அவசரம் கூடாது. கேபிளைப் பிடுங்கிவிட்டு, எழுத்து பொறித்த மேல்மூடியான கீகேப்பை அதற்கான கம்பிக் கருவியால் நேர்மேலாகத் தூக்குங்கள். பிறகு இடுக்கி போன்ற கருவியால் சுவிட்சின் மேலும் கீழும் உள்ள கொக்கிகளை அழுத்தி இழுங்கள். புதிய சுவிட்சைக் கவிழ்த்துப் பார்த்தால் மெல்லிய இரண்டு செப்புநிறக் கால்கள் தெரியும். அவை சற்றே சாய்ந்திருந்தாலும் சாமணத்தால் நிமிர்த்தி, துளைகளுக்கு நேராக வைத்துச் செங்குத்தாக அழுத்துங்கள். மாட்டிய பின் ஓர் எழுத்து விழவில்லை என்றால் பலகை கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் ஒரு கால் உள்ளே போகாமல் மடங்கிப் படுத்திருக்கும்.

ஸ்பேஸ்பார் மட்டும் கடகடவென்று ஒலித்தால் காரணம் பெரும்பாலும் சுவிட்ச் அல்ல, அந்த நீண்ட கீயின் இரு பக்கமும் சமமாக இறங்கச் செய்யும் ஸ்டெபிலைசர் கம்பி. கம்பியின் நுனி பிளாஸ்டிக்கோடு உரசும் இடத்தில் மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் சிறிது தடவினால் அந்த ஒலி பெருமளவு அடங்கிவிடும்.