டொமைன் யார் பெயரில் இருக்கிறது? வெப்சைட் வேலை தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டம் பக்கம் புதிதாக வெப்சைட் வேலை தொடங்கியிருக்கும் தம்பி ஒருவர், போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலில் என் கடைக்கு வந்தார். ஒரு தேன் கடைக்குத் தளம் செய்திருக்கிறார், திறக்க நேரமாகிறது, பார்க்க வேண்டும் என்றார். 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு தேன் விற்பவர்களும் தளம் கேட்டு வருகிறார்கள். தளத்தை நன்றாகவே செய்திருந்தார். படங்களின் அளவைக் குறைத்ததும் வேகம் சரியாகிவிட்டது. கிளம்பும்போதுதான் கேட்டேன், டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்று.

"என் அக்கவுண்ட்லதான் அண்ணா. எல்லா கஸ்டமருக்கும் அப்படித்தான் வாங்குறேன்" என்றார்.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அவரை உட்கார வைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். பாஸ்வேர்டை நீளமாக வையுங்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்பதையெல்லாம் ஊரே சொல்லிவிட்டது. அதை விட்டுவிடுகிறேன்.

டொமைனை நம் கணக்கில் வாங்குவது

தொழில் தொடங்கிய புதிதில் கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜுக்குத் தளம் செய்து கொடுத்தேன். டொமைனை என் கணக்கிலேயே, என் கார்டிலேயே, ஒரு வருஷத்துக்கு வாங்கினேன். உரிமையாளர் பெயர் கேட்ட இடத்தில் என் கடைப் பெயரைச் சுருக்கி எழுதினேன். தொடர்பு மெயில் கேட்ட இடத்தில் செய்ததுதான் பெரிய தவறு. லாட்ஜ் பெயரிலேயே புதிதாக உண்டாக்கிய மெயில் முகவரியை, அதாவது அந்த டொமைனில் ஓடும் மெயிலையே, கொடுத்தேன். பார்க்க எடுப்பாக இருந்தது.

அடுத்த கார்த்திகை முதல் வாரம். சபரிமலை சீசன். மாலை போட்ட சாமிகள் பஸ் பஸ்ஸாகக் குமரிக்கு வந்து இறங்கும் நேரம். லாட்ஜ்காரர்களுக்கு வருஷத்தின் பாதிச் சம்பாத்தியம் இந்த இரண்டு மாதத்தில்தான். கர்நூலிலிருந்து ஒரு குருசாமி போனில் கூப்பிட்டு, மூன்று முறை மெயில் போட்டும் பதில் இல்லையே என்று வரவேற்பறைப் பையனிடம் சத்தம் போட்டிருக்கிறார். லாட்ஜ் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். நான் போய் அந்தக் கணினியில் தளத்தைத் திறந்தேன். எங்கள் படங்கள் எதுவும் இல்லை. வெள்ளைப் பக்கத்தில் விளம்பர லிங்க்குகள், அதுவும் கன்னியாகுமரியின் மற்ற ஹோட்டல்களுக்கு. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "மக்கா, நம்ம போர்டைக் கழட்டி அடுத்தவன் போர்டை மாட்டிட்டானுவளா?" என்றார்.

நடந்தது இதுதான். டாட் காம் போன்ற டொமைன் காலாவதியாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு ஒன்று, ஒரு வாரம் முன்பு ஒன்று, முடிந்த ஐந்து நாளுக்குள் ஒன்று என்று பதிவு நிறுவனம் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது இணைய முகவரிப் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் (ICANN) அமைப்பின் விதி. முதல் இரண்டும் வந்திருக்கின்றன. புக்கிங் மெயில்களுக்கு நடுவில் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவது வருவதற்குள் டொமைன் நின்றுவிட்டது. டொமைன் நின்றால் அதில் ஓடும் மெயிலும் நின்றுவிடும். சரி, உள்ளே போய்ப் பணம் கட்டலாம் என்றால் பாஸ்வேர்ட் எனக்கு நினைவில்லை. "மறந்துவிட்டது" என்பதை அழுத்தினால், மாற்றும் லிங்க் அந்தச் செத்துப்போன மெயிலுக்கே போகிறது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிவிட்டேன்.

அடையாளச் சான்று அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். பதிவில் இருப்பது கடையின் சுருக்கப் பெயர்; ஆதாரில் இருப்பது என் பெயர். பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இப்படியே நாள் ஓடி, வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்கும் அவகாசமும் முடிந்தது. அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம் என்று ஒன்று உண்டு. அப்போது வழக்கமான கட்டணத்தோடு, அதைப்போலப் பல மடங்கு மீட்புக் கட்டணமும் கேட்பார்கள். அதையும் விட்டால் ஐந்து நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். அப்படி விழும் பெயர்களைப் பிடிப்பதற்கென்றே ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

மார்கழிக் கடைசியில்தான் பெயர் கைக்கு வந்தது. பணத்தை நான் கட்டினேன். அந்த சீசனில் மெயில் போட்டு, பதில் கிடைக்காமல் வேறு இடம் பார்த்துக்கொண்ட கூட்டங்களுக்கு என்னால் எதுவும் கட்ட முடியவில்லை. அண்ணாச்சி ஒரு வார்த்தை ஏசவில்லை. இன்றைக்கும் அந்த லாட்ஜைத் தாண்டிப் போகும்போது எனக்கு என் மேல்தான் எரிச்சல் வருகிறது. பத்து நிமிட வேலையைச் சரியாகச் செய்திருந்தால் இவ்வளவும் இல்லை.

அந்தப் பத்து நிமிட வேலை இது. கணக்கை வாடிக்கையாளர் பெயரிலேயே, அவர் அடையாள அட்டையில் இருக்கிற எழுத்துகளில் தொடங்குங்கள். மெயில் அவருடைய சொந்த மெயிலாக இருக்கட்டும். அந்த டொமைனில் ஓடும் மெயில் வேண்டவே வேண்டாம். போன் நம்பரும் அவருடையது. பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, அது தரும் அவசரக் குறியீடுகளைத் தாளில் அச்சடித்து, கடை லைசென்ஸ் இருக்கும் ஃபைலில் அவரையே வைக்கச் சொல்லுங்கள். ஒரு வருஷத்துக்குப் பதில் ஐந்து வருஷம் கட்டலாம். அதிகபட்சம் பத்து வருஷம் வரை கட்டலாம். முடியும் தேதியைக் கடையின் தினக்காட்டியில் எழுதித் தொங்கவிடச் சொல்வேன். சிரிப்பார்கள், ஆனால் எழுதுவார்கள்.

"டொமைன் கையில் இருந்தால்தான் கஸ்டமர் நம்மை விட்டுப் போகமாட்டார்" என்று சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இது எனக்குக் கொஞ்சமும் ஒப்பாது. அவர் கடையின் பெயர் அது. பட்டாவை அடகுக்காரர் போல நாம் ஏன் பிடித்து வைக்க வேண்டும்?

ஆட்டோ ரினியூவல் போட்டாயிற்று என்று தூங்குவது

ஆட்டோ ரினியூவல் என்றால் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுத்து டொமைனைப் புதுப்பிப்பது. அந்தக் கார்டு மாறும், காலாவதியாகும். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் புதிய விதி வந்தபோது, கார்டில் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடுகள் பலருக்கும் சொல்லாமல் நின்றுபோயின. தேதியைக் கண்ணால் பாருங்கள்.

பேக்கப்பைக் கணினியிலேயே சொருகி வைப்பது

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. ஐப்பசி இடி எப்படி என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் கடையில் இடி இறங்கி, கணினியும் அதில் சொருகியிருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்தே போயின. கணக்கு முழுவதும் அதில்தான் இருந்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்து, பிறகு நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோதுதான், ஒரு பிரதி வேறு வீட்டிலும் ஒன்று இணையத்திலும் இருக்க வேண்டும் என்று எனக்கு உறைத்தது. டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு ஃபைலை வேறு கணினியில் திறந்து பாருங்கள்.

ஓசித் தீம்

போடாதீர்கள். தீம் என்பது தளத்தின் தோற்றத்துக்கான ரெடிமேட் அச்சு. காசு கட்டாமல் கிடைக்கும்படி பூட்டை உடைத்த தீமுக்குள் யார் என்ன வைத்திருக்கிறார் என்று உங்களால் பார்க்க முடியாது.

விண்டோஸ் 10

2025 அக்டோபர் 14-ஓடு இலவச ஆதரவு முடிந்துவிட்டது. பில் போடும் கணினியில் இன்னும் அதுதான் ஓடுகிறது என்றால் மாற்றச் சொல்லுங்கள்.

பணம் போன பிறகு யோசிப்பது

ஆன்லைன் மோசடியில் பணம் போனால் உடனே சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். அப்புறம் யோசிக்கலாம்.

தம்பியின் பட்டியலைத் திறந்து பார்த்தோம். பதினொரு டொமைன், எல்லாம் அவர் கணக்கில். தேன் கடையிலிருந்து தொடங்கினோம். கடை நடத்தும் அம்மாவுக்கு மெயில் கிடையாது. மகள் குவைத்தில் நர்ஸ், அவளுக்கு உண்டு என்றார். அவள் மெயிலை வாங்கி உரிமையாளர் விவரத்தை மாற்றினோம். மாற்றியதும் புது முகவரிக்கு ஒரு சரிபார்ப்பு லிங்க் வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் டொமைனையே நிறுத்திவிடுவார்கள். இதைச் சொல்லாமல் விட்டு மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அவள் பணியில் இருந்ததால் போனை எடுக்கவில்லை. இங்கே இரவு ஒன்பதரை, அங்கே ஏழு மணிக்கு, "அழுத்திட்டேன் அண்ணா, பச்சை டிக் வந்துச்சு" என்று தம்பிக்குச் செய்தி வந்தது. மீதி பத்து இருக்கிறது. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கடைசி மார்த்தாண்டம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.