மலை வீட்டுக் குடில்: கோதுமை எப்போது விதைக்க வேண்டும்?

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல்தரை வேண்டுமென்று சோலைக்குள் போய்ப் பாசியைப் பெயர்க்க வேண்டாம். அது மறுபடி வளரப் பல வருடம் ஆகும். சம்பா கோதுமையே போதும். சமவெளியில் ஒரு வாரத்தில் முளைத்து நிற்கும். ஊட்டிக் குளிரில் இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால் டிசம்பர் 10க்குள் விதைத்துவிடுங்கள். கேழ்வரகு இந்தக் குளிருக்குச் சுணங்கும்.

ஓரடிக்கு ஓரடி தட்டுக்கு 150 கிராம் கோதுமை. 12 மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும் ஓர் அங்குல மண்ணில் நெருக்கமாகப் பரப்புங்கள். தண்ணீரைக் காலையில் மட்டும் தெளிக்க வேண்டும். மாலையில் ஊற்றினால் இரவெல்லாம் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தால் பதறி எறிந்துவிடாதீர்கள். தண்ணீர் தெளித்ததும் படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி. மறையாமல் வாடை அடித்தால்தான் பூஞ்சை. பகலில் தட்டு ஜன்னலோரம் இருக்கட்டும். இருட்டில் வைத்தால் மஞ்சளாகிச் சாயும். இரவில் வெளியே விட்டால் உறைபனி கருக்கிவிடும்.

குடிலின் குடிசைக்கு உண்ணிச்செடி (லன்டானா) குச்சி. குன்னூர்ச் சரிவு, கூடலூர்ப் பக்கமெல்லாம் வேண்டிய மட்டும் கிடக்கிறது, காட்டை மூடும் களை என்பதால் வெட்டினால் நல்லதுதான். விரல் தடிமனில், ஒன்பது அங்குலத்தில் 12 குச்சி. அரை மணி நேரம் வேகவைத்துப் பட்டையை உரித்துக் காயவிட்டுச் சணலால் கட்டுங்கள். பச்சையாகக் கட்டினால் காயும்போது சுருங்கிக் கட்டு தளரும். உண்ணிச்செடிக் காய்களைக் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சைப்ரஸ் கிளை சொருகினால் அருகில் மெழுகுவத்தி கூடாது. காய்ந்த சைப்ரஸ் குப்பென்று பற்றும்.

பாலன் இயேசுவைக் கிடத்தும் தீவனத்தொட்டி மூன்று அங்குலம் போதும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சுமார் நான்கு வாரமான திருவருகைக் காலத்தில் தினமும் இரவு, அன்று யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்தவர் ஒரு வைக்கோல் இடலாம். என்ன செய்தாய் என்று கேட்கக் கூடாது, கேட்டால் கணக்குப் புத்தகம் ஆகிவிடும். நான்கு பேர் வீட்டில் நூறு துரும்பு சேர்ந்தாலே பெரிது, அதனால்தான் தொட்டி சிறியது. 1223இல் புனிதர் அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் அமைத்த குடிலிலும் வைக்கோலும் மாடும் கழுதையும்தான் முக்கியம்.

பாலன் சொரூபம் டிசம்பர் 24 நள்ளிரவு வரை பீரோவில் இருக்கட்டும். பாலனைக் காண வந்த மூன்று ராஜாக்களின் சொரூபங்களை வீட்டின் மறுகோடி ஜன்னலில் நிறுத்தி, தினம் கொஞ்சம் நகர்த்தி அவர்கள் திருநாளான ஜனவரி 6 அன்று கொண்டுவந்து சேர்ப்பது பிள்ளைகள் வேலை. அதன்பின் கோதுமைப் புல்லை அறுத்துப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுக்கலாம். சைப்ரஸை மட்டும் அதன் வாய்க்கு எட்டாமல் போடுங்கள்.