வீட்டில் ஈய ஜிக் வார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: எடை எங்கே பிசகுகிறது?

மீன் பிடிக்கத் தூண்டில் நூலில் கட்டி நீருக்குள் இறக்கும் உலோகப் போலி இரையே ஜிக். அது எவ்வளவு விரைவில் அடிமட்டத்தைத் தொடும், நீரோட்டம் அதை எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போகும், கையிலிருக்கும் ராடு (தூண்டில் கோல்) அதைத் தாங்குமா என்ற மூன்றுக்குமே அதன் எடைதான் விடை சொல்கிறது. 60 கிராம் வரை எறியலாம் என்று குறிக்கப்பட்ட ராடில் 85 கிராம் ஜிக்கை முழு வீச்சில் எறிந்தால், ராடின் நுனி முறிந்துபோகக்கூடும். அப்படியிருந்தும், வீட்டில் ஜிக் செய்பவர்களில் பலர் வார்த்து முடித்த பிறகே தராசைத் தேடுகிறார்கள். உண்மையில் அச்சு செய்யும்போதே எடை முடிவாகிவிடுகிறது. அதன்பின் அரத்தால் ராவிக் குறைக்கலாமே தவிர, கூட்ட வழியில்லை.

அச்சு எடுப்பதற்காகச் செய்யும் மாதிரியை வைத்து எடையைக் கண்ணளவில் மதிப்பிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. மரத்தில் செதுக்கிய மாதிரியை வைத்தே, வார்க்கப்போகும் ஜிக்கின் எடையை முன்கூட்டிக் கணக்கிட முடியும். மாதிரி முழுவதும் முங்கும் அளவுக்கு ஒரு குவளையில் தண்ணீர் ஊற்றி, அதை 0.1 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். வார்னிஷ் பூசிய மாதிரியை ஒரு மெல்லிய ஊசியில் குத்தி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி தண்ணீருக்குள் முழுவதுமாக அமிழ்த்துங்கள். அப்போது தராசு காட்டும் கிராம் எண்ணே மாதிரியின் கன அளவு, மில்லிலிட்டரில். அதை ஈயத்தின் அடர்த்தியான 11.34 ஆல் பெருக்கினால் ஜிக்கின் எடை கிடைத்துவிடும். 80 கிராம் ஜிக் வேண்டுமென்றால் தராசு ஏறத்தாழ 7.1 காட்ட வேண்டும். 8 காட்டினால் 90 கிராமைத் தாண்டிவிடும். மரத்தை இன்னும் கொஞ்சம் இழைத்துவிட்டு மறுபடி அமிழ்த்திப் பாருங்கள். ஜிக்கின் உள்ளே ஓடும் ஸ்டெயின்லெஸ் கம்பி ஈயத்தைவிட இலேசானதுதான் என்றாலும், மெல்லிய கம்பியால் வரும் வித்தியாசம் ஒரு கிராமைக்கூட எட்டாது.

பிடித்துப்போன ஒரு ஜிக்கைப் பெரிதாக்கும்போதும் கணக்கு தவறுகிறது. 60 கிராம் ஜிக்கை 120 கிராமாக்க வேண்டும் என்பதற்காக நீளம், அகலம், கனம் மூன்றையும் இருமடங்காக்கினால் எடை எட்டு மடங்காகி 480 கிராமில் போய் நிற்கும். ஒவ்வோர் அளவையும் 26 சதவீதம் கூட்டினாலே போதும், 10 செ.மீ. நீளம் 12.6 செ.மீ. ஆகும். நீளத்தை மட்டும் கூட்டலாம், ஆனால் அப்படிச் செய்த ஜிக் தண்ணீரில் வேறு விதமாக இறங்கும்.

உலோகம் எது என்று பார்க்காமல் உருக்குவது இன்னொரு தவறு. காயலான் கடையில் ஈயம் என்று கொடுப்பதெல்லாம் சுத்த ஈயமாக இருப்பதில்லை. சுத்த ஈயத்தில் 100 கிராம் வரும் அச்சில் வெள்ளீயத்தை வார்த்தால் 64 கிராமும், துத்தநாகத்தை வார்த்தால் 63 கிராமும்தான் வரும். கார் சக்கரத்தில் பொருத்தும் சமன் எடைகளில் ஈயத்தோடு ஆண்டிமனி கலந்திருப்பதால் அதில் வார்த்த ஜிக் சற்றுக் குறைந்த எடையோடும் கூடுதல் கடினத்தோடும் இருக்கும். அந்தச் சமன் எடைகளிலேயே துத்தநாகத்திலும் இரும்பிலும் செய்தவையும் உண்டு. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், துத்தநாகம் 419 டிகிரியில்தான் உருகும். ஆகையால் சட்டியின் சூட்டை 400 டிகிரிக்குக் கீழேயே வைத்துக்கொண்டு, உருகாமல் மேலே மிதக்கும் துண்டுகளை அவ்வப்போது கரண்டியால் எடுத்துவிடுங்கள். துத்தநாகம் கலந்துவிட்டால் உருகிய ஈயம் கூழாகி, அச்சின் மூலைகளை நிரப்பாமல் நின்றுவிடும். பழைய பேட்டரித் தகடுகளை எக்காரணம் கொண்டும் வீட்டில் உருக்காதீர்கள். அவற்றிலிருக்கும் அமிலமும் நச்சுப் பொடியும் குடும்பத்தையே பாதிக்கும்.

ஒரே அச்சில் வந்த ஜிக்குகள் 78, 80, 74 என்று ஏறியிறங்கினால், குறைந்த எடையுள்ளதன் உள்ளே வெற்றிடம் இருக்க வாய்ப்புண்டு. உருகிய ஈயம் உறையும்போது சுருங்கும். அச்சின் வாய்க்கு மேலே கூடுதல் ஈயம் நின்றால்தான் அது கீழிறங்கி அந்தக் குறையை நிரப்பும். விளிம்போடு ஊற்றுவதை நிறுத்துபவர்களுக்கு ஜிக்கின் தலையில் பள்ளம் விழுகிறது. அச்சு குளிர்ந்திருந்தாலும் மேனியில் சுருக்கம் விழுந்து வார்ப்பு நிரம்பாமல் போகும். ஆகவே உலோக அச்சு என்றால் முதல் சில வார்ப்புகளை அச்சைச் சூடேற்றவே ஊற்றி, மீண்டும் சட்டியில் போட்டுவிடுவதே முறை.

இனிச் சொல்லப்போவது எடையைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது. ஈரமான அச்சிலோ சட்டியிலோ ஒரு துளி நீர் இருந்தாலும், அது கொதிக்கும் ஈயத்துக்கு அடியில் சிக்கி நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் வாரியடிக்கும். பாரிஸ் சாந்து அச்சு தொடுவதற்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் தங்கியிருக்கும். மிதமான சூட்டில் மணிக்கணக்கில் உலர்த்தி அவ்வப்போது எடைபோடுங்கள். எடை குறைவது முற்றிலும் நின்ற பிறகே ஈயம் ஊற்றலாம். சமையலறையில் உருக்குவதும், உருக்கிய பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுப்பதும் கூடவே கூடாது. உடலில் ஈயம் இவ்வளவு இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லும்படியான அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு அதன் கேடு மிக அதிகம். புகையைவிட, சட்டியின் மேல் படியும் கசட்டின் பொடியைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். அது கையிலும் துணியிலும் ஒட்டி வீட்டுக்குள் வந்துவிடும். திறந்த வெளியில் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை அணிந்து வேலை செய்து, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

ஏரி குளங்களுக்கான, கொக்கியோடு சேர்த்து வார்க்கும் சிறிய ஜிக் தலைகளை வெள்ளீயத்தில் வார்ப்பதே நல்லது. அன்னங்கள் ஈயக் குண்டுகளை விழுங்கி இறந்ததால் பிரிட்டனில் 28.35 கிராம் வரையிலான தூண்டில் ஈயங்களின் விற்பனை 1987-இல் தடை செய்யப்பட்டது. ஈயத்துக்கென அளவெடுத்த அச்சில் வெள்ளீயத்தை ஊற்றினால் எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும் என்பதால், மாதிரியைச் செதுக்கும்போதே 11.34-க்குப் பதிலாக 7.3 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

வார்ப்பு வாயில் நிற்கும் தண்டை வெட்டி, விளிம்பை ராவிய பிறகு எடுக்கும் எடையே ஜிக்கின் எடை. கொக்கி, அதை மாட்டும் ஸ்பிளிட் ரிங் வளையம், பெயின்ட் எல்லாம் சேர்ந்து இன்னும் சில கிராம்கள் ஏறும். ராடின் வரம்புக்கு ஒப்பிட வேண்டியது அந்த மொத்த எடையைத்தான். பெயின்ட் காய்ந்து கொக்கியும் மாட்டிய பிறகு மறுபடி எடைபோட்டு, அந்த எண்ணை ஜிக்கின் வயிற்றுப் பக்கத்தில் அழியாத மையால் எழுதிவிடுங்கள்.