பர்ஃபாமன்ஸ் காருக்குச் சாதா பெட்ரோலா, 95-ஆ? கடலூர், புதுச்சேரி ஓட்டுநர்களுக்கு ஒரு வழிகாட்டி

பங்க்கில் "ஸ்பீடு போடவா, சாதா போடவா?" என்று கேட்பதற்கு முன்பே பதில் உங்கள் காரிலேயே எழுதியிருக்கிறது. பெட்ரோல் மூடியைத் திறந்து உட்புற ஸ்டிக்கரைப் பாருங்கள். அதிலுள்ள எண்தான் உங்கள் இன்ஜின் கேட்கும் ஆக்டேன், ஆர்.ஓ.என் என்ற அளவில். "குறைந்தது 91" என்றிருந்தால் சாதா போதும். "95/91" என்றிருந்தால் இன்ஜினை 95-க்குத்தான் டியூன் செய்திருக்கிறார்கள். 91-ம் போடலாம், ஆனால் பவர் கொஞ்சம் குறையும். 95 மட்டும் இருந்தால் அதற்குக் கீழே இறங்காதீர்கள். ஜெர்மன் கார்களில் ஆர்.ஓ.என் என்பதோடு ஆர்.ஓ.இசட் என்றும் இருக்கும். இரண்டும் ஒரே அளவுதான்.

அமெரிக்க வீடியோ பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறைய. அங்கே பம்ப்பில் எழுதியிருப்பது ஏ.கே.ஐ என்ற வேறு அளவு. அவர்களின் 87 நம் கணக்கில் ஏறக்குறைய 91 முதல் 92. அவர்களின் 91 நமக்கு 95, 96. "இந்த காருக்கு 91 போதும் என்று அமெரிக்கக்காரரே சொல்கிறார்" என்று இங்கே 91 நிரப்பினால் அவர் சொன்னதற்கு நான்கைந்து எண் கீழே இருக்கிறீர்கள்.

ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தியைச் சொல்லும் எண் அல்ல. ஸ்பார்க் பிளக் தந்த பொறி பரவி முடிவதற்குள், அழுத்தத்தாலும் சூட்டாலும் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. தாங்காமல் பற்றினால் அதுதான் நாக்கிங். இன்றைய இன்ஜின்களில் நாக் சென்சார் அதைக் கேட்டதும் இன்ஜினின் கணினியான இசியு, பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளிவிடும். அதனால் சத்தம் கேட்காது. பிக்கப் மட்டும் மந்தமாகும், மைலேஜ் இறங்கும். "சாதா போட்டும் ஒன்றும் ஆகவில்லை" என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். மாறாக, 91-க்கு டியூன் செய்த டர்போ இல்லாத இன்ஜினில் 100 போட்டால் கூடுதல் ஆக்டேனைப் பயன்படுத்த இசியுவுக்கு வழியே இல்லை. அங்கே பணம்தான் எரியும்.

இங்கே கிடைப்பவற்றில் இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி 95, பாரத் பெட்ரோலியத்தின் ஸ்பீடு, ஹிந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பவர் 95 ஆகியவை ஒரே வகுப்பு. ஸ்பீடு 97, பவர் 99, எக்ஸ்பி 100 போன்றவை அதற்கு மேல். எல்லா பங்க்கிலும் இருக்காது. சென்னையில் 100 நிரப்பிக்கொண்டு ஈசிஆரில் வருகிறவர்கள், திரும்பும்போது இங்கே எதை நிரப்பப் போகிறோம் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சாதா பெட்ரோலும் இப்போது பழைய சாதா அல்ல. ஒரு காலத்தில் 88 ஆக இருந்த குறைந்தபட்ச ஆக்டேன், பிஎஸ்6 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்தில் 91. 20 சதவீதம் எத்தனால் சேர்ந்த இ20 கலவையால் அது 95 வரை உயர்ந்திருப்பதாக 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் சொன்னது. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், அது உண்மை. ஆனால் லிட்டருக்கு உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதக் கலவையான இ10-க்கு டியூன் செய்த காரில் இ20 போட்டால் மைலேஜ் குறைவதற்கு அதுவே காரணம். பிரீமியம் என்ற பெயர் இருந்தாலே எத்தனால் இல்லை என்று நினைக்க வேண்டாம்; 95 வகைகளிலும் எத்தனால் உண்டு. பழைய பாலியோ 1.6, சிட்டி விடெக் வைத்திருப்பவர்கள் ஆக்டேனைவிட ரப்பர் ஹோஸ், பம்ப் சீல், இன்ஜெக்டர் ஓ-ரிங் ஆகியவற்றுக்குத்தான் முதலில் செலவழிக்க வேண்டும். ஹோஸ் மெத்தென்று ஊதியிருந்தாலோ, வளைத்தால் வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள்.

ஆகவே 95 ஸ்டிக்கர் உள்ள டர்போ காருக்கு சாதாவா பிரீமியமா என்பதை விளம்பரத்தை வைத்தோ அடுத்தவர் அனுபவத்தை வைத்தோ தீர்க்க முடியாது. உங்கள் காரின் டைமிங்கை அளந்து பாருங்கள். இதற்குக் காரின் சோதனை சாக்கெட்டில் செருகும் ஒரு ஓபிடி புளூடூத் கருவியும் போனில் ஒரு ஆப்பும் போதும்.

டேங்க் ரிசர்வுக்கு வந்ததும் 95 முழுதாக நிரப்பி 150, 200 கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டுங்கள். இசியு பழகிக்கொள்ள அவ்வளவு தூரம் வேண்டும். பிறகு ஒரு விடியற்காலையில் விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையில் ஆள் நடமாட்டமில்லாத, நேரான ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். இன்ஜின் முழுச் சூட்டில் இருக்கட்டும், ஏசி அணைந்திருக்கட்டும். மூன்றாம் கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து 4000 வரை, வேக வரம்பைத் தாண்டாமல் ஏற்றுங்கள். போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும். ஆர்பிஎம், லோடு, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், டைமிங் அட்வான்ஸ் ஆகிய நான்கையும் பதிவு செய்யுங்கள். கார் காட்டினால் சிலிண்டர்வாரியான நாக் ரிடார்டையும், அதாவது நாக்கிங்குக்காக டைமிங் பின்வாங்கிய அளவையும், சேருங்கள். மூன்று முறை செய்தால் போதும். அடுத்த டேங்க் சாதா நிரப்பி, அதே சாலையில், அதே நேரத்தில், அதே டயர் காற்றழுத்தத்தில் திரும்பச் செய்யுங்கள்.

ஒரே ஆர்பிஎம்மில், காற்றின் வெப்பம் ஐந்து டிகிரிக்குள் ஒத்துப்போகும் பதிவுகளை மட்டும் ஒப்பிடுங்கள். டைமிங் ஒரு டிகிரி வேறுபட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். மூன்று முறையும் சாதாவில் மூன்று டிகிரி அல்லது அதற்கு மேல் பின்வாங்கினால் உங்கள் கார் 95 கேட்கிறது, கொடுங்கள். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் பின்வாங்கினால் பெட்ரோலைக் குறை சொல்லாதீர்கள். அந்த சிலிண்டரின் பிளக், காயில், இன்ஜெக்டர், கார்பன் படிவு இவற்றைத்தான் பார்க்க வேண்டும். தளர்ந்த ஹீட் ஷீல்டின் கடகட சத்தத்தை நாக்கிங் என்று நினைத்துப் பிரீமியத்துக்கு மாறியவர்களும் உண்டு.

இந்தச் சோதனையைத் தையில் செய்து தேறினால் சித்திரைக்கும் அதே முடிவு என்று வைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால் நாக்கிங் எளிதில் வரும். அக்னி நட்சத்திர மதியத்தில் ராஜீவ் காந்தி சதுக்கத்து சிக்னலில் நின்றுவிட்டுக் கிளம்பும் காரில், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அனல் ஏறிப் போயிருக்கும். கடலோர ஈரப்பதம் நாக்கிங்கைச் சற்றே தணிக்கும் என்பது உண்மை. ஆனால் வெயில் அதை விழுங்கிவிடும். நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் காற்றும் அடர்த்தி. ஏற்காடு ஏறினால் டர்போ இல்லாத கார் குறைந்த ஆக்டேனைப் பொறுத்துக்கொள்ளும். இங்கே அந்தச் சலுகை இல்லை. ஆண்டு முழுக்க சாதா போடுகிறவர்களும் பங்குனி முதல் ஆனி வரையாவது 95-க்கு மாறுவது நல்லது என்பது எங்கள் கருத்து.

செலவைப் பார்ப்போம். 95-க்கு லிட்டருக்கு ஏழு ரூபாய் கூடுதல் என்று வைத்தால் 40 லிட்டருக்கு 280 ரூபாய். சாதா நூறு ரூபாய்க்கு விற்கும்போது மைலேஜ் மட்டுமே இதை ஈடுகட்ட ஏழு சதவீதம் உயர வேண்டும், பெரும்பாலும் உயராது. பிரீமியம் போடுவது பவருக்காகவும் இன்ஜின் பாதுகாப்புக்காகவும்தான். கடலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. புதுச்சேரியில் வாட் குறைவு என்பதால் முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை சில ரூபாய் இறங்கும். கடலூரில் சாதாவுக்குக் கொடுக்கும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் அங்கே 95 கிடைத்துவிடும். அன்றைய விலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியும் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது லாபம். இதற்காகவே தனியாக ஓட்டிப் போனால் மிச்சம் நிற்காது.

பவருக்காக இசியு மென்பொருளை மாற்றி ரீமேப் செய்த காருக்கு மேலே சொன்ன விட்டுக்கொடுப்பு எதுவும் பொருந்தாது. எந்த ஆக்டேனுக்கு மேப் எழுதினார்கள் என்பதை டியூனரிடம் எழுத்தில் வாங்குங்கள். 97-க்கு எழுதிய மேப்பில் வேறு வழியின்றி குறைந்த ஆக்டேன் நிரப்பினால் 3000 ஆர்பிஎம்முக்குள், டர்போ பூஸ்ட் ஏறாமல் ஓட்டி, கிடைத்த இடத்தில் உயர் ஆக்டேனைச் சேருங்கள். கலவைக் கணக்கு தோராயமாக நேர்விகிதம்தான்: 15 லிட்டர் 91-உடன் 30 லிட்டர் 100 சேர்ந்தால் 97.

ஐந்தாம் கியரில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு, கியர் இறக்காமல் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் பழக்கம் சிறிய டர்போ இன்ஜின்களுக்கு ஆபத்து. குறைந்த ஆர்பிஎம்மில் பொறிக்கு முன்பே வெடிக்கும் இந்தக் கோளாறில் பிஸ்டனே உடையலாம். 100 ஆக்டேன் போட்டாலும் இதை முழுதாகத் தடுக்க முடியாது. கியரை இறக்குங்கள், ஏபிஐ எஸ்பி தர இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள்.

பிரீமியத்தில் உள்ள சுத்திகரிப்புச் சேர்மானம் வால்வைச் சுத்தமாக்கும் என்பது, பெட்ரோலை இன்டேக் வால்வுக்கு முன்பே தெளிக்கும் போர்ட் இன்ஜெக்ஷன் கார்களுக்கே பொருந்தும். டிஎஸ்ஐ, ஜிடிஐ போன்ற, சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷனில் பெட்ரோல் இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை. இன்ஜெக்டர் மட்டும்தான் சுத்தமாகும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு ஆபத்து, புயல் மழைக்குப் பிந்தைய வாரம். 2011-இல் தானே, 2024-இல் ஃபெஞ்சல் வந்தபோது போல வெள்ளம் நின்ற இடங்களில் பங்க்கின் நிலத்தடி டேங்க்கில் தண்ணீர் இறங்க வாய்ப்புண்டு. எத்தனால் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் பெட்ரோல் எத்தனாலை இழந்து ஆக்டேனும் குறையும். அந்த நாட்களில் மேடான இடத்தில், விற்பனை அதிகமுள்ள பங்க்கைத் தேர்ந்தெடுத்து, டேங்க்கில் தண்ணீர் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். நிரப்பிவிட்டுக் கிளம்பிய சில கிலோமீட்டரில் கார் உதறி, செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் உடனே அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் வண்டியை ஏற்றிச் செல்லுங்கள். டைரக்ட் இன்ஜெக்ஷன் ஹை பிரஷர் பம்ப்புக்குப் பெட்ரோல்தான் வழுவழுப்பு தருகிறது. தண்ணீர் போனால் பம்ப்பே தேயும். ஒர்க்‌ஷாப்பில் வடித்த பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் சிறிது நேரம் நிற்க விட்டால் இரண்டு அடுக்கு பிரியும். அந்தப் பாட்டிலையும் பங்க் பில்லையும் பத்திரமாக வையுங்கள். புகார் கொடுக்க இரண்டும் வேண்டும்.

ஆக்டேன் பூஸ்டர் டப்பா வாங்குமுன் லேபிளைப் படியுங்கள். "30 பாயின்ட் உயரும்" என்றால் மூன்று எண் என்று பொருள். ஒரு பாயின்ட் என்பது 0.1 மட்டுமே. எம்எம்டி என்ற மாங்கனீசு சேர்மம் கலந்த பூஸ்டரைத் தொடர்ந்து ஊற்றினால் பிளக் முனையில் செம்பழுப்புப் படிவு ஏறி மிஸ்ஃபயர் தொடங்கும்.