அசட்டுக் கேள்விக்கு சீரியஸ் பதில்: ஆட்டத்தைக் கெடுக்கும் தவறுகள்

ஒருவர் அசட்டுத்தனமாக ஏதாவது கேட்க வேண்டும். இன்னொருவர் முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல், அந்தத் துறையிலேயே ஊறியவர் போலப் பதில் சொல்ல வேண்டும். நாலைந்து பேர் இருந்தால் போதும். சீட்டுக்கட்டோ காய்களோ வேண்டாம். விதி இவ்வளவு எளிதாக இருப்பதால் பலர் இதை வாய்க்கு வந்ததை உளறும் ஆட்டம் என்று நினைத்துவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் சலித்துப்போவதும் அதனால்தான்.

இருப்பதிலேயே பெரிய தவறு, அசட்டுக் கேள்விக்கு அதைவிட அசட்டுத்தனமான பதிலைச் சொல்வது. 'ஒரு ஜோடி செருப்பில் எது அண்ணன், எது தம்பி?' என்று ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'வலதுதான் அண்ணன், அது செவ்வாய் கிரகத்தில் பிறந்தது, அதற்கு மூன்று கண், ராத்திரியில் பறக்கும்' என்று அடுக்கினால் முதல் வரிக்கு ஒரு சிரிப்பு வரும், அத்தோடு சரி. எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றாகிவிட்டால் கேட்பவருக்கு எதிர்பார்க்க ஒன்றும் இருக்காது.

இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'எது முதலில் தேய்கிறதோ அது அண்ணன். குடும்பப் பாரத்தை முதலில் சுமப்பது மூத்த பிள்ளைதான். புதுச் செருப்பைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.' இதில் உள்ள பொய் ஒன்றே ஒன்றுதான்: செருப்புக்கு அண்ணன் தம்பி உறவு உண்டு என்பது. அதுவும் கேள்வியிலேயே வந்துவிட்டது. மீதி எல்லாம் ஒழுங்கான தர்க்கம். ஒரு பொய்யை ஒப்புக்கொண்டு, அதற்கு அப்புறம் இம்மியும் பிசகாமல் நடப்பதில்தான் இந்த ஆட்டத்தின் சுவை முழுதும் இருக்கிறது.

இதை அறிவியலாளர்களே அழகாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு 1991 முதல் இக் நோபல் பரிசு வழங்கப்படுகிறது. 2017இல் இயற்பியலுக்கான பரிசைப் பெற்றவர் மார்க் அந்துவான் ஃபார்தான். பூனை ஒரே நேரத்தில் திடமாகவும் திரவமாகவும் இருக்க முடியுமா என்பது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. வைத்த பாத்திரத்தின் வடிவத்தை எடுப்பது திரவம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. பூனையும் கிண்ணத்தில் படுத்தால் கிண்ணத்தின் வடிவத்துக்கு வந்துவிடுகிறது. பொருள் வடிவம் மாற எடுக்கும் நேரத்தை, நாம் அதைக் கவனிக்கும் நேரத்தோடு ஒப்பிடும் டெபோரா எண் என்ற அளவு இயற்பியலில் உண்மையாகவே இருக்கிறது. அதை அவர் பூனைக்குப் பொருத்திப் பார்த்தார். கணக்கில் எந்தக் கோணலும் இல்லை. பூனையை அதற்குள் கொண்டுவந்தது மட்டும்தான் விளையாட்டு.

அடுத்த தவறு, சொல்பவரே சிரித்துவிடுவது. அதைவிட மோசம், சொல்லி முடித்துவிட்டு 'எப்படி?' என்பது போலச் சுற்றிப் பார்ப்பது. சிரிப்பை அடக்க முடியவில்லையா, பதிலைச் சுருக்குங்கள். மூன்று வாக்கியம் தாராளம். கனமான சொற்களைத் தூவினால் கம்பீரம் வந்துவிடும் என்று நம்புவதும் பலரிடம் இருக்கிறது. 'குவாண்டம்', 'அதிர்வலை' என்று தொடங்கும் பதிலை அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. செருப்புப் பதிலில் எடுபடுவது ஆறு மாதம் என்ற கெடு, தேய்வது என்ற சாதாரணச் சொல். குறிப்பாக ஒன்றைச் சொன்னால்தான் நம்பிக்கையோடு சொன்ன மாதிரி இருக்கும்.

துணைக்கேள்வி வந்ததும் கைவிட்டுவிடுவதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. 'இரட்டைப் பிள்ளைகளாக இருக்கலாமே?' என்று ஒருவர் மடக்கும்போது 'அட, சும்மா சொன்னேன்' என்று பின்வாங்கினால் கட்டியது மொத்தமும் சரிந்துவிடும். ஆட்டம் சூடு பிடிக்க வேண்டிய இடமே அதுதான். 'இரட்டையரிலும் முந்திப் பிறந்தவர் உண்டு. பெட்டியைத் திறந்தபோது எது மேலே இருந்தது என்று குறித்து வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் அந்தப் பதிவு இல்லை' என்று நிதானமாகத் தொடரலாம். நகரத்தில் எத்தனை காகங்கள் என்று அக்பர் கேட்க, பீர்பால் ஒரு துல்லியமான எண்ணைச் சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். எண்ணிப் பார்த்துக் கூடுதலாக இருந்தால் வெளியூர் உறவுக் காகங்கள் விருந்துக்கு வந்திருக்கின்றன, குறைந்தால் இங்குள்ளவை ஊருக்குப் போயிருக்கின்றன என்பது அவர் விளக்கம். எண்ணைச் சொன்னது யாரும் செய்யக்கூடியது. மடக்கும் கேள்விக்கும் இடம் வைத்துக்கொண்டு சொன்னதுதான் பீர்பாலின் சாமர்த்தியம்.

கேட்பவர்கள் பக்கமும் தவறு உண்டு. சிலர் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அது கடி ஜோக், விடுகதை வகை. இங்கே கேட்பவருக்கும் பதில் தெரிந்திருக்கக் கூடாது. ஆம், இல்லை என்று முடியும் கேள்வியும் வேண்டாம். ஏன், எப்படி, எது என்று கேட்டால் பதில் சொல்பவருக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கும். நடுவில் போனை எடுத்து உண்மையான விடையைத் தேடிப் படித்துக் காட்டுபவர் இருந்தால், அதை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கூட்டத்தில் இருக்கும் ஒருவரின் நிறம், உடல்வாகு, திக்கிப் பேசுவது, சாதி, சம்பளம் எதுவும் கேள்வியாக வரக் கூடாது. முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்லும் பதிலில் கிண்டல் இன்னும் ஆழமாகக் குத்தும். 'விளையாட்டுக்குத்தானே' என்ற சமாதானம் அங்கே செல்லாது.

கடைசியாக, நம்பிவிடுபவர்களை மறந்துவிடுவது. 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசி தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சி, சுவிட்சர்லாந்தில் ஒரு குடும்பம், மாவில் செய்யும் நூல் போன்ற உணவான ஸ்பகெட்டியை மரத்திலிருந்து பறிப்பதாக ஒரு செய்திப்படம் காட்டியது. நிகழ்ச்சியை வழக்கமாக நடத்துபவரின் அதே நிதானமான குரல். அந்த மரத்தை எப்படி வளர்ப்பது என்று பார்வையாளர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். அன்றைய பிரிட்டனில் பலருக்கு ஸ்பகெட்டி அவ்வளவு பழக்கமில்லாத உணவு. பொய் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியாவிட்டால் அது விளையாட்டாக இருக்காது, தவறான தகவலாகிவிடும். அதனால் செருப்பு, காகம் மாதிரி எல்லோரும் அறிந்த பொருள்களோடு நின்றுகொள்ளுங்கள். மருந்து, மின்சாரம், தேர்தல் பக்கம் போகவே வேண்டாம். பதிலை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். கேள்வி இல்லாமல் போய்ச் சேர்ந்தால் அதுவும் ஒரு வதந்திதான். சின்னப் பிள்ளைகள் உடன் விளையாடினால், ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் எது கற்பனை, எது நிஜம் என்று அவர்களையே பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறினால் நேரடியாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.