பைலட் லைசென்ஸ்: எதை முதலில் செய்வது, எதற்குக் காத்திருப்பது

"மாமா, பைலட் ஆகணும்னா எந்த காலேஜ்ல சேரணும்?" பத்தாவது முடித்த அக்கா பையன் கேட்டான். காலேஜே வேண்டாம் என்றதும் அவனைவிட அக்காவுக்குத்தான் அதிர்ச்சி. ஏரோநாட்டிக்கல் இன்ஜினீயரிங் படித்தால் விமானம் ஓட்டலாம் என்று நம் ஊரில் பலர் நம்புகிறார்கள். அது விமானத்தை வடிவமைக்கிறவர்களுக்கான படிப்பு. ஓட்டுவதற்கு வேண்டியது டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், தரும் லைசென்ஸ்.

அன்று அவனுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். எதை முன்னால் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்பதில்தான் பல குடும்பங்கள் பணத்தை விடுகின்றன.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். லைசென்ஸ் நான்கு. மாணவர்களுக்கான எஸ்பிஎல் 16 வயதில், சொந்தப் பறத்தலுக்கான பிபிஎல் 17-இல், சம்பளத்துக்கு ஓட்டும் சிபிஎல் 18-இல், கேப்டன் ஆவதற்கான ஏடிபிஎல் 21-இல் கிடைக்கும். பிபிஎல் வைத்து நண்பரை ஏற்றிக்கொண்டு பறக்கலாம். அதற்குக் கூலி வாங்கக் கூடாது. ரேட்டிங் என்பது லைசென்ஸின் மேல் ஏறும் கூடுதல் அனுமதி. டூவீலர் லைசென்ஸை வைத்துக்கொண்டு லாரி ஓட்ட முடியாதல்லவா, அந்த மாதிரி.

படி 1: பிளஸ் ஒன் குரூப்

சிபிஎல்லுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் வேண்டும். பியூர் சயின்ஸ் எடுத்தவருக்குக் கணிதம் இருக்காது, காமர்ஸ்காரருக்கு இயற்பியல் இருக்காது. அதோடு கதை முடிந்துவிடவில்லை. என்ஐஓஎஸ் திறந்தநிலைப் பள்ளியில் விடுபட்ட பாடத்தை எழுதிக்கொள்ளலாம்.

இன்னொரு சின்ன விஷயம், நம் ஆட்களுக்கே உரிய தலைவலி: இனிஷியல். மார்க் ஷீட்டில் ஓரெழுத்து, ஆதாரில் இல்லை, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் என்று மூன்று விதமாக இருந்தால் இப்போதே ஒன்றாக்கிவிடுங்கள். இனி வரும் விண்ணப்பம் ஒவ்வொன்றிலும் அதே பெயரைத்தான் பார்ப்பார்கள்.

படி 2: மெடிக்கல், ஃபீஸ் கட்டும் முன்பே

இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். டிஜிசிஏவின் இ-ஜிசிஏ இணையதளத்தில் கணக்கு தொடங்கி, அங்கீகாரம் பெற்ற டாக்டரிடம் கிளாஸ் 2 மெடிக்கல் முடியுங்கள். எஸ்பிஎல்லுக்கும் பிபிஎல்லுக்கும் அது போதும். ஆனால் சிபிஎல்லுக்கு கிளாஸ் 1 வேண்டும். கண், காது, இசிஜி, எக்ஸ்ரே, ரத்தம் எல்லாம் அதில் இன்னும் கறாராகப் பார்ப்பார்கள். கிளாஸ் 2 கையில் வந்ததுமே விமானப் பயிற்சிப் பள்ளியில் பணத்தைக் கட்டிவிட்டு, கிளாஸ் 1-இல் மாட்டிக்கொண்டு விழிப்பது வேண்டாத வேலை. இரண்டையும் முடித்துவிட்டு பர்ஸைத் திறங்கள்.

கண்ணாடி போட்டவர்கள் பயப்பட வேண்டாம். வரம்புக்குள் இருந்தால் தடையில்லை. நிறக்குருடுதான் சிக்கல். சிவப்பு-பச்சைக் குழப்பம் பையன்களிடம்தான் அதிகம், பலருக்கு அது இருப்பதே தெரியாது. ரன்வே ஓரத்தில் பாபி என்று நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் சரியான உயரத்தில் இறங்குகிறோம். நான்கும் சிவப்பென்றால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டோம். அந்த நிறத்தை நம்பித்தான் இறங்க வேண்டியிருக்கிறது. பக்கத்திலுள்ள கண் டாக்டரிடம் இஷிஹாரா புள்ளிப் புத்தகம் இருக்கும். ஐந்து நிமிட வேலை, இந்த வாரமே பார்த்துவிடலாம்.

படி 3: பேப்பர்கள்

டிஜிசிஏவில் கம்ப்யூட்டர் நம்பர், அதாவது தேர்வருக்கான பதிவு எண், வாங்கினால்தான் தேர்வு எழுத முடியும். ஏர் ரெகுலேஷன்ஸ் (விதிகள்), நேவிகேஷன் (வழி கண்டுபிடிப்பது), மீட்டியராலஜி (வானிலை), டெக்னிக்கல் ஜெனரல் (விமானங்களின் பொதுத் தொழில்நுட்பம்), டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக் (குறிப்பிட்ட ஒரு விமானத்தின் தொழில்நுட்பம்) என ஐந்து. தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும். பலரும் திணறுவது நேவிகேஷனில். அதன் ருசிக்கு ஒரு கணக்கு: 60 நாட்டிக்கல் மைல் பறந்தபின் பாதையிலிருந்து 5 மைல் விலகியிருந்தால் உங்கள் திசை சுமார் 5 டிகிரி பிசகியிருக்கிறது. 30 மைலிலேயே 5 மைல் விலகல் என்றால் 10 டிகிரி. இந்த மாதிரி மனக்கணக்கு பிடித்திருந்தால் உங்களுக்கு இந்தத் தொழில் சரிப்படும்.

ரேடியோவில் பேசுவதற்கு ஆர்டிஆர் தேர்வு தனி. முன்பு தொலைத்தொடர்புத் துறை நடத்தியது, 2025 ஜனவரியில் அமலுக்கு வந்த புதிய சட்டம் அதையும் டிஜிசிஏவிடம் கொடுத்துவிட்டது. பழைய யூடியூப் வீடியோக்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

படி 4: பறப்பது

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இன்று எத்தனை விமானங்கள் பறக்கும் நிலையில் நிற்கின்றன, எத்தனை பயிற்றுநர்கள், போன வருட மாணவர்கள் எத்தனை மாதத்தில் பறக்க வேண்டிய மணிநேரத்தை முடித்தார்கள் என்று கேளுங்கள். அதே கேள்விகளை கேண்டீனில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களிடமும் கேளுங்கள். மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டச் சொன்னால் யோசியுங்கள். போட்டியிட்டு உள்ளே போக விரும்புகிறவர்கள் உத்தரப் பிரதேசத்தில் ஃபுர்சத்கஞ்சில் இருக்கும் மத்திய அரசு அகாடமியின் நுழைவுத் தேர்வை எழுதலாம்.

எஸ்பிஎல் வாங்கியதும் பயிற்றுநரோடு பறக்க ஆரம்பிப்பீர்கள். ஒருநாள் அவர் இறங்கிக்கொண்டு, "ஒரு ரவுண்டு நீயே போய்ட்டு வா" என்பார். அதுதான் முதல் சோலோ. அவருடைய எடை குறைந்ததால் விமானம் சட்டென்று மேலே ஏறும். அதை எதிர்பார்த்திருங்கள்.

பிபிஎல்லுக்குக் குறைந்தது 40 மணி நேரம், சிபிஎல்லுக்கு 200. அந்த 200-இல் 100 மணி நேரம் நீங்களே விமானத்துக்குப் பொறுப்பாளராக ஓட்டியிருக்க வேண்டும். 300 நாட்டிக்கல் மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர், பறந்து வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கிய பயணம் ஒன்றும் அதில் வேண்டும். இரவுப் பறத்தலுக்கும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கும் தனி மணிக்கணக்கு உண்டு. பறந்த நேரத்தைப் பதியும் லாக் புக்கை அன்றன்றே எழுதிவிடுங்கள்.

வெளிநாட்டில் பறந்துவிட்டு வருகிறவர்களும் இங்கே லைசென்ஸை மாற்ற டிஜிசிஏ தேர்வு எழுதித்தான் ஆகவேண்டும்.

படி 5: ரேட்டிங்

மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாமல் ஓட்ட இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். இரட்டை இன்ஜின் விமானத்துக்கு மல்டி இன்ஜின் ரேட்டிங். ஓர் இன்ஜின் நின்றால் மூக்கு அந்தப் பக்கமே திரும்பும், எதிர்க்காலால் ரடரை (வாலில் இருக்கும் திருப்பும் பலகையை) இயக்கும் பெடலை மிதித்து நேராக்கப் பழக்குவார்கள். ஏர்லைன் வேலை தேடுகிறவர்கள் சிபிஎல்லோடு இந்த இரண்டையும் சேர்த்தே வாங்கிவிடுவது வழக்கம். துணை விமானியாக உட்கார ஏடிபிஎல் தேவையில்லை. 1500 மணி நேரம் கேட்கும் அந்த லைசென்ஸ், வேலையில் சேர்ந்தபின் மெல்ல வரும்.

கடைசியாக டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட ஒரு ரக விமானத்தை ஓட்டும் அனுமதி. ஏர்பஸ் 320-க்கு வாங்கியதை வைத்து போயிங் 737 ஓட்ட முடியாது. தனியாகப் பல லட்சம் பிடிக்கும் இதை, எந்த நிறுவனம் எந்த விமானத்துக்குக் கூப்பிடுகிறது என்று தெரிவதற்கு முன் அவசரப்பட்டு வாங்க வேண்டாம் என்று அக்கா பையனுக்கு எழுதிக் கொடுத்த தாளில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.