உடல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை: அந்த ஒரு நாள் எப்படிப் போகும்?

எனக்குச் செய்தது ஸ்லீவ் அறுவை சிகிச்சை. இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைக்காய் வடிவக் குழாயாக்கிவிடுவார்கள். இதையெல்லாம் மருத்துவர் படம் போட்டு விளக்கினார். ஆனால் அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்பது தெரியாமல்தான் அதிகம் பயந்தேன்.

முதல் படி: வெறும் வயிறு

திட உணவு முந்தைய இரவோடு சரி. தண்ணீரை எத்தனை மணிக்கு நிறுத்துவது என்பதை மயக்க மருந்து மருத்துவர் சொல்வார். அதை எழுதி வையுங்கள். "ஒரு வாய் காபிதானே" என்று வீட்டில் யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். சர்க்கரை மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சில நாள்களுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இரண்டாம் படி: கழற்ற வேண்டியவை

மெட்டி, மூக்குத்தி, வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். இரத்தக் கசிவை நிறுத்த மின்கருவி பயன்படுத்துவார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் சுட்டுவிடக்கூடும். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள், வெறும் மஞ்சள் கயிறு போதுமா என்று முதல் நாளே கேளுங்கள். நகப்பூச்சையும் அழித்துவிடுங்கள். குறட்டைக்காக இரவில் மூச்சுக் கருவி வைத்துக்கொள்பவர்கள் அதை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

மூன்றாம் படி: அறுவை அரங்கு

குளிரும். காலில் இறுக்கமான காலுறை போடுவார்கள். முகமூடியில் ஆக்சிஜன் கொடுப்பார்கள்; ஊசி வழியாக மயக்க மருந்து ஏறிய சில நொடிகளில் தூக்கம். வயிற்றில் ஐந்தாறு சிறு துளைகள், ஒன்றிரண்டு மணி நேர வேலை. மயக்கம் கொடுப்பதும் தெளிவதும் சேர்ந்தால் கூடுதல் நேரமாகும் என்று வெளியே காத்திருப்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், பாவம், தவித்துப்போவார்கள்.

நான்காம் படி: விழிப்பு

வயிறு வலிக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். வலித்தது தோள்பட்டை! ஏதோ தவறு நடந்துவிட்டது என்று அழுதேன். கருவிகளுக்கு இடம் கிடைக்க வயிற்றை கார்பன் டை ஆக்சைடு வாயுவால் உப்ப வைக்கிறார்கள். மிஞ்சிய வாயு உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசை) உறுத்தும்; அதற்கும் தோளுக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதால் வலி தோளில் தெரிகிறது. இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அழுதிருக்க மாட்டேன். குமட்டலும் இருக்கும், அடக்கிக்கொண்டு கிடக்காமல் சொன்னால் ஊசி போடுவார்கள்.

ஐந்தாம் படி: நடை

அன்று மாலையே எழுப்பிவிடுவார்கள். அவர்கள் இரக்கமில்லாதவர்கள் அல்ல. காலில் இரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத்தான். செவிலியர் கையைப் பிடித்துக்கொண்டு கதவு வரை போய்த் திரும்பினேன். தோள்வலியும் கொஞ்சம் தணிந்தது.

ஆறாம் படி: முதல் வாய்த் தண்ணீர்

சில இடங்களில் அன்றிரவு, சில இடங்களில் மறுநாள். இருமல் மருந்து அளக்கும் மூடி போன்ற குவளையில் 30 மில்லி. அதையும் கால் மணி நேரமாவது வைத்து, நாக்கை நனைப்பது போல் குடிக்க வேண்டும். நான் அவசரப்பட்டு ஒரே மடக்காக விழுங்கினேன். நெஞ்சுக்குள் கல் இறங்கியது போல் அடைத்தது.

நெஞ்சு படபடப்பு, காய்ச்சல், மூச்சுத் திணறல், ஏறிக்கொண்டே போகும் வயிற்று வலி இருந்தால் நள்ளிரவானாலும் மணியை அடியுங்கள். தையலில் கசிவோ உள்ளே இரத்தப்போக்கோ இருக்கலாம்.

தூங்குவதற்கு முன் மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைத் தருவார்கள். அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். முதல் இரவில் எனக்கு ஒரு பந்துதான் எழும்பியது.